பர்டொக் வேருக்கு நான் சொன்ன பத்தியம்

லண்டன் எட்மண்டனில் ஒரு மூலிகைக் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்துவிட்டுப் போன வருடம்தான் வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார விட்டால்தானே. இப்போது கடைக்கு வேர்மூட்டைகள் ஆய்வுகூடச் சான்றிதழோடு வந்து இறங்குகின்றனவாம். அதைப் பார்த்த புதுப் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். "அன்ரி, நீங்க உண்மையாவே வேரை வாயில வைச்சா சோதிச்சுப் பாத்தீங்க? பர்டொக் பற்றித் தெரிஞ்சதை எழுதித் தாங்கோவன்" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பினார்கள். சான்றிதழ் வந்தது நல்ல விசயம். காலை எட்டரைக்கு மூன்று வேரைக் கடித்துத் துப்பிய பிறகு குடிக்கிற தேநீர் எந்த நாளும் தோட்டத்து மண்ணாகத்தான் இருந்தது. அந்தத் தண்டனை இனி யாருக்கும் வேண்டாம். ஆனால் எழுதச் சொன்னால் எல்லாவற்றையும்தான் எழுதுவேன். என் நாக்கு வேர் பார்த்த பெருமையை மட்டும் எழுதிவிட்டு, அதே நாக்கு சொன்ன பொய்யை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்து, வேலை செய்யலாம் என்று ஆனதும் நான் ஏறிய முதல் படி அந்தக் கடையுடையது. முதலாளி பிரெண்டா என்ற ஆங்கிலப் பெண்மணி. "மூலிகை தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்தது சளி, தடிமனுக்கு வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவிப்பது ஒன்றுதான். முதல் வருடம் விளக்குமாறும் தராசும். இரண்டாம் வருடம் கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்ப்பது. மூன்றாம் வருடம் நாக்கு. பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பிரெண்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆறடி உயரம், வருடம் முழுக்க ஒரே சாம்பல் கம்பளிச்சட்டை, கழுத்தில் நூல் கட்டிய பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். சீவிய தூள் மேசையில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் அன்றைய காலநிலையை அறிவோம். எதைச் சொன்னாலும் "சரியாகச் சொல்லுவோம்" என்பார். "இந்த வேர் நல்லது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "நல்லது என்பது மணமா, நிறமா, எடையா?" என்று கேட்டார். மூன்றையும் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வீட்டில் போய் என் கணவர் "சாப்பாடு நல்லாயிருக்கு" என்று சொன்னபோது அவரையும் அதே கேள்வி கேட்டுப் பேச்சு வாங்கினேன்.

பர்டொக்கை எனக்கு அறிமுகப்படுத்தியது பிரெண்டாவுக்குக் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்திருந்த தோட்டத் துண்டில். இலை சேம்பிலை மாதிரி அகலம். செடிக்கு ஆயுள் இரண்டு வருடம். வேருக்காகத் தோண்டுவதென்றால் முதல் வருடத்துச் செடியைத்தான், அதுவும் இலையுதிர் காலத்தில்தான் தோண்டவேண்டும். இரண்டாம் வருடம் அது பூத்து, காய்த்து, வேரில் இருந்ததையெல்லாம் மேலே அனுப்பிவிடும். எனக்கு இதெல்லாம் சொல்லித்தான் மண்வெட்டி தந்தார். நான் தோட்டத்திலேயே பெரிதாக, என் தோள் உயரத்துக்கு நின்ற செடியைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய செடி என்றால் பெரிய வேர் என்பது என் கணக்கு. ஒன்றரை மணி நேரம் தோண்டினேன். முழங்கை ஆழம் போயும் வேர் முடியவில்லை. கடைசியில் இழுத்த இழுவையில் வேர் முறிந்து, நான் பின்பக்கமாக விழுந்து, செடியின் முள்ளுருண்டைகள் முழுவதும் என் கம்பளிச் சட்டையில் ஏறிக்கொண்டன. பிரெண்டா வேரைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். நடுவில் நெட்டி மாதிரி வெற்றாக இருந்தது. "இது விறகு" என்றார். அந்தச் சட்டையைக் கழற்றவும் முடியாமல் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவருடைய சால்வையும் என்னோடு எட்மண்டன் வரை வந்தது.

வேரைத் தோல் சீவாமல் தூரிகையால் தேய்த்துக் கழுவவேண்டும். சரிவாக, மெல்லிய வில்லைகளாக வெட்டி, இளஞ்சூட்டில் காயவைக்கவேண்டும். இலை, பூ என்றால் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். வேர் அதற்கெல்லாம் இளகாது, அதை அவிக்கத்தான் வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த வேர், மூடி போட்ட பாத்திரம், சிறு தீ, பதினைந்து நிமிடம், வடித்துக் குடிப்பது. கடைத் துண்டுப்பிரசுரத்தில் இருந்தது இதுதான். இரத்தத்தைச் சுத்தம் செய்யும், கட்டு, பரு, சொறி, சிரங்குக்கு ஆகும் என்று இந்த நாட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்திருக்கிறார்கள். இலையை வாட்டிப் புண்ணில் கட்டுவதும் உண்டு. ஜப்பான்காரர் இதைக் கறியாகவே சாப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் மரவள்ளிக்கிழங்குக்கு வைப்பது போலத் தேங்காய்ப்பால் விட்டு ஒருநாள் வெள்ளைக்கறி வைத்துக் கொண்டுபோனேன். பிரெண்டா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதில் பச்சை மிளகாயின் பங்கு அதிகம்" என்று எழுதி வைத்தார். ஆனால் வாடிக்கையாளரிடம் "இது குணமாக்கும்" என்று சொல்ல மட்டும் எங்களை விடமாட்டார். "பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்" என்றுதான் சொல்லவேண்டும்.

இனி நாக்கு. காய்ந்த வேர்கள் எல்லாம் பார்வைக்கு அண்ணன் தம்பிகள்தான். பர்டொக்குக்கு ஒரு பொல்லாத தம்பி உண்டு; பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் வேர். எங்கேயோ எப்போதோ இரண்டும் கலந்து போய் ஆட்கள் மயங்கி விழுந்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு புது மூட்டைக்கும் இரண்டு சோதனை. முதலில் அயடின். வெட்டிய வில்லையில் ஒரு சொட்டு விட்டால், பர்டொக்கில் மாப்பொருள் இல்லாதபடியால் அயடின் மண்ணிறமாகவே நிற்கும். பெல்லடோனாவில் மாப்பொருள் உண்டு, கருநீலமாக மாறிவிடும். அயடின் தேறிய பிறகுதான் நாக்கு. பர்டொக் முதலில் இலேசான இனிப்பு, பிறகு வழவழப்பு, முப்பது எண்ணுவதற்குள் ஒரு கசப்பு. துப்பி, வாயைக் கொப்பளிக்கவேண்டும். நச்சு உள்ளே போனவருக்கு என்ன நடக்கும் என்பதைப் பிரெண்டா எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தார்: வாய் காயும், கண்ணின் கருமணி விரியும், முகம் சிவக்கும், பேச்சுக் குழம்பும். கை கழுவும்போதெல்லாம் அதைப் படித்துப் படித்து எனக்குப் பாடமாகிவிட்டது.

எங்கள் ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கியது நான் கல்லாவுக்கு வந்த பிறகு. பர்டொக்குக்கு அவர்களே "வெள்ளைக்கார நன்னாரி" என்று பெயர் வைத்தார்கள். முதலில் வந்த ஒரு அம்மா பொதியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பத்தியம் என்ன பிள்ளை?" என்று கேட்டார். நான் பிரெண்டாவிடம் கேட்டேன். "விசேடமாக ஒன்றும் இல்லை. வழக்கம் போலச் சாப்பிடலாம்" என்றார். நான் அதையே சொன்னேன். அம்மா பொதியைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டார். "அப்ப இது மருந்தில்லை. தேயிலை."

அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே போனார்கள். நாலாவது ஆள் கேட்டபோது என் வாய் தானாகத் திறந்தது. "கத்தரிக்காய், இறால், கணவாய். இருபத்தொரு நாள்." அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இரண்டு பொதி வாங்கிக்கொண்டு போனார். கத்தரிக்காயை விட்டதால் இதுவரை யாரும் செத்ததில்லை என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு அது பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, பிடித்தும் போனது. விசா எழுத்துக்காகக் கைகட்டி நின்றவளுக்கு, ஒரு வீட்டுச் சமையலறையில் மூன்று கிழமைக்குக் கருவாடு பொரிக்க விடாமல் நிறுத்தும் அதிகாரம் கிடைத்தால் விடுவாளா? கொஞ்சம் எதிர்க்கேள்வி கேட்டவர்களுக்குக் கருவாட்டையும் சேர்த்துவிடுவேன். தமிழில் நடப்பதால் பிரெண்டாவுக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வருடம் இப்படி ஓடியது.

அப்போதுதான் கணேசலிங்கம் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து, லண்டனில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். இரண்டு கையும் சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடந்தது. இருபத்தைந்து நாளில் வெஸ்ட் ஈலிங்கில் மகளுக்குக் கலியாணம். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்க்கவேண்டியவர் அவர்.

"வீடியோக்காரன் கையைத்தான் கிட்டக் கிட்ட எடுப்பான் பிள்ளை. சம்பந்தி வீட்டுக்காரர் கை தரப் பயப்பிடுவினம். இது தொத்துமோ எண்டு இப்பவே ஒருத்தி கேட்டுட்டாள்" என்றார்.

"டொக்டரட்டைப் போகேல்லையோ மாஸ்டர்?"

"போனனான். ஒரு கிறீம் தந்தவன். பத்தியம் கேட்டன், ஒண்டுமில்லை எண்டான். பத்தியமில்லாத மருந்தென்ன மருந்து? அலுமாரியில கிடக்குது."

பிரெண்டா வழக்கம் போல வேறு மாத்திரை எடுக்கிறாரா, நீர் போகும் மாத்திரை உண்டா, சீனி வருத்தம் உண்டா என்றெல்லாம் விசாரித்து, கிறீமையும் விடாமல் பூசச் சொல்லி, பொதியையும் துண்டுப்பிரசுரத்தையும் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாஸ்டர் என் பக்கம் சாய்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பி வெளியே வந்தது. அதைக் கண்டதும் கருவாட்டையும் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டேன்.

"கத்தரிக்காய், இறால், கணவாய், கருவாடு. இருபத்தொரு நாள்" என்றேன்.

"கத்தரிக்காய் ஏன்?"

"கிரந்தி. சொறியைக் கிளப்பும்."

"வெள்ளைக் கத்தரியோ, ஊதாவோ?"

"ரெண்டும்தான்."

"தக்காளியும் அதே குடும்பம்தானே?"

"ஓம். தக்காளியும் வேண்டாம்."

"அதை நீ முதல்ல சொல்லேல்லையே. நான் கேக்காட்டி விட்டிருப்பாய், என்ன? அப்ப உருளைக்கிழங்கு?"

அவருக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "மாஸ்டர், முக்கியமான ஒண்டு இருக்கு. பச்சைத்தண்ணி ஆகாது. கையிலயும் படக் கூடாது, வாயிலயும் படக் கூடாது. இருபத்தொரு நாளும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத்தானே இனிக் குடிப்பார், குடிக்கட்டும், என்னைவிட்டுப் போனால் சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாஸ்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இது பத்தியம்" என்றார்.

உள்ளேயிருந்து வந்த பிரெண்டா, இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கேட்டார். எப்படி அவிப்பது என்று கேட்கிறார் என்றேன்.

பதினோராம் நாள் மத்தியானம் கடைத் தொலைபேசி அடித்தது. மாஸ்டரின் மனைவி பரமேஸ் அக்கா. நல்ல வெயில் காலம். கடைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தோம்.

"பிள்ளை, இவர் ஒரு மாதிரி இருக்கிறார். முகம் செக்கச் செவேலெண்டு கிடக்கு. வாய் காஞ்சு நாக்கு ஒட்டுதாம். கதைக்கிறது விளங்கேல்லை. கண்ணைப் பாத்தா எனக்குப் பயமாயிருக்கு, கருமணி முழுக்க விரிஞ்சுபோச்சு."

தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த தாளை யாரோ எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டியது போல இருந்தது. நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி முடிக்கும் முன்பே பிரெண்டா, "ஆம்புலன்ஸ். இப்போதே" என்றார். அக்காவுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் போகும்போது ஆம்புலன்சும் வந்துவிட்டது. அக்கா வேர் அவித்த சட்டியையும் மிச்சப் பொதியையும் என் கையில் தந்துவிட்டு ஏறினார். தூக்குக் கட்டிலில் கிடந்த மாஸ்டர் என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். அந்தக் கறுத்து விரிந்த கண்ணால் என்னைப் பார்த்து, நாக்கு ஒட்ட ஒட்ட, "கத்தரிக்காய் தொடேல்லைப் பிள்ளை" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

கடைக்கு வந்தபோது கதவில் 'மூடப்பட்டுள்ளது' பலகை தொங்கியது. பிரெண்டா சட்டியிலிருந்து ஒரு வில்லையை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து அயடின் விட்டார். கருநீலம். சந்தேகமே இல்லாத கருநீலம். கடை நேரத்தில் பிரெண்டா கதிரையில் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்கு அடித்து, பெல்லடோனாவாக இருக்கலாம் என்று சொன்னார். பிறகு அதே மூட்டையிலிருந்து வாங்கியவர்களின் பெயர்களை எடுத்து ஒவ்வொருவராக அழைத்து, குடிக்காதீர்கள் என்றார். குரல் மாறவேயில்லை. மூட்டையிலிருந்து முப்பது வில்லை எடுத்துச் சோதித்தார். முப்பதும் மண்ணிறம். நான் சந்தோசப்பட்டேன். "சரியாகச் சொல்லுவோம்" என்றார். "முப்பது வில்லை நல்லது. மூட்டையைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது."

சட்டியை ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினேன். அப்போதுதான் மணந்தது. புளித்த மாதிரி ஒரு மணம். இங்கே யாருக்கும் தெரியாது, எங்கள் வீட்டுச் சமையலறையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மறக்காது. அடியில் வெள்ளையாக மண்டியும் இருந்தது. பரமேஸ் அக்காவின் கைத்தொலைபேசிக்கு அடித்தேன்.

"அக்கா, வேரை எந்தத் தண்ணியில அவிச்சனீங்கள்?"

"அரிசி கழுவின தண்ணியில. முதல் தண்ணியை ஊத்திப்போட்டு ரெண்டாந் தண்ணி. பின்ன, மருந்தைப் பைப் தண்ணியிலயே அவிக்கிறது?"

"எவ்வளவு நேரம்?"

"எட்டுக்கு ஒண்டா வத்துமட்டும். ரெண்டு மணித்தியாலம் வரும்."

"அக்கா, நாங்கள் தந்த தாளில பதினைஞ்சு நிமிசம் எண்டெல்லோ இருக்கு?"

"அது வெள்ளைக்காரருக்கு அடிச்சது பிள்ளை."

பிரெண்டாவுக்குச் சொன்னேன். நம்பாமல் பார்த்தார். பிறகு என் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு பருக்கைச் சோற்றை எடுத்துத் தட்டில் வைத்து அயடின் விட்டார். அதே கருநீலம். சட்டியிலிருந்து இன்னொரு தடித்த வில்லையை எடுத்துக் கழுவி, நடுவால் பிளந்து, உள்பக்கம் விட்டார். மண்ணிறம். வேர் வேர்தான், நீலமானது அரிசி.

நான் மூச்சு விட்டேன். பிரெண்டா விடவில்லை. "அப்படியென்றால் அவருடைய வாய் ஏன் காய்ந்தது? கண் ஏன் விரிந்தது? ஆஸ்பத்திரியில் இன்னும் நஞ்சு என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மாற்று மருந்து ஏற்றினால் அதுவும் விளையாட்டுச் சாமான் இல்லை."

பரமேஸ் அக்காவுக்குத் திரும்ப அடித்தேன். "அக்கா, மாஸ்டர் காலமை எங்க போனவர்?"

"கண் கிளினிக்குக்கு. கண்ணுக்குள்ள மருந்து விட்டுப் பார்த்தவை. விடிய ஏழு மணிக்குப் போய் மத்தியானம்தான் வந்தவர்."

கருமணி ஏன் விரிந்தது என்று விளங்கிவிட்டது. அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு விருப்பமே இல்லை. கேட்டேன்.

"அங்க தண்ணி ஏதும் குடிச்சவரோ?"

"நீயெல்லோ பச்சைத்தண்ணி வாயில படக் கூடாது எண்டனி? காய்ச்சின தண்ணி போத்தல்ல குடுத்துவிட்டனான், அதைப் பஸ்ஸில விட்டுட்டார். இந்த வெயிலுக்க ஒரு சொட்டும் குடியாமல் வந்திருக்கிறார்."

எட்டுக்கு ஒன்றாக வற்றிய பர்டொக் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே அனுப்பும். நான் சொன்ன பத்தியம் தண்ணீரை உள்ளே விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாஸ்டர்.

எனக்குப் பயம் பிடித்தது. மாஸ்டருக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒன்று. வேலை போய்விடும் என்ற பயம் இன்னொன்று. அந்த வயதில், என் ஆங்கிலத்தோடு, இன்னொரு வேலை குதிரைக்கொம்பு. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால் வெட்கத்தோடுதான் சொல்லவேண்டும், ஒரு கணம் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்றும் தோன்றியது. பிறகு கத்தரிக்காய் தொடவில்லை என்று கை தூக்கிய மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

"பிரெண்டா, அவரைத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொன்னது நான்."

அவர் கை பென்சிலுக்குப் போனது. போன கை நின்றது. "முதலில் டொக்டருக்குச் சொல். பிறகு எனக்கு" என்று தொலைபேசியை நீட்டினார்.

டொக்டர் ஒரு பெண். நான் என் ஆங்கிலத்தில் பத்தியத்தை விளக்கத் தடுமாறுவதைக் கேட்டுவிட்டு, திடீரென்று தமிழுக்கு மாறினார். மலேசியத் தமிழ். "பத்தியமா? பச்சைத்தண்ணி கூடாதுன்னு சொன்னீங்களா? ஆமா, எங்க வீட்டுலயும் இப்படித்தான் படுத்துவாங்க. காலையில கண்ணுக்கு வேற மருந்து விட்டிருக்காங்களா? சரிங்க, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" மாஸ்டருக்குச் சேலைன் ஏற்றினார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் பக்கத்துக் கட்டில்காரரோடு கிரிக்கெட் கதைக்கிறார் என்று அக்கா சொன்னார்.

"இனி எனக்கு" என்றார் பிரெண்டா.

பன்னிரண்டு வருடத்தையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் எழுதினார். கத்தரிக்காய், இரண்டு நிறமும். இறால். கணவாய். கருவாடு, எதிர்க்கேள்வி கேட்பவர்களுக்கு மட்டும். தக்காளி, ஒருவருக்கு. "எத்தனை பேருக்கு?" என்றார். "தமிழர் எல்லாருக்கும்" என்றேன். அன்று சீவிய தூளில் ஒரு பென்சில் முழுதாகவே போயிருக்கும். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால், துண்டுப்பிரசுரத்தில் இல்லாத எதையும் எந்த மொழியிலும் இனிச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதோடு, ஆஸ்பத்திரிக்குப் போய் மாஸ்டரிடம் உண்மையை என் வாயாலேயே சொல்லவேண்டும் என்றார். அதற்கு வேலையை விட்டு அனுப்பியிருந்தாலே எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போனேன். "மாஸ்டர், அந்தப் பத்தியம் நானாச் சொன்னது. பொய். வேருக்குப் பத்தியமே இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"விளையாடாதை பிள்ளை" என்றார் மாஸ்டர். "உன்ரை முதலாளி உன்னை வெருட்டிச் சொல்ல விட்டிருக்கிறா. இந்தா, கையைப் பார்."

பார்த்தேன். வெடிப்பு மூடியிருந்தது. சிவப்பு இறங்கியிருந்தது. புதுத் தோல்.

"கிறீம் இன்னும் அலுமாரியிலதான். மூண்டு மாசமா ஆறாதது, பத்தியத்தில பதினொரு நாளில ஆறியிருக்கு. பொய்க்கு ஆறுமே? நீ கெட்டிக்காரி. சும்மா அடக்கம் காட்டாதை. இப்ப எனக்கு ஒண்டு சொல்லு, தாரை வார்க்கேக்க ஐயர் ஊத்திற தண்ணியையும் காய்ச்சி ஆறவைக்கச் சொல்லட்டோ?"

பக்கத்தில் நின்ற பரமேஸ் அக்கா பெருமூச்சு விட்டார். "வேலையால நிண்ட நாள் தொடக்கம் வீட்டில கோப்பை கழுவுறது இவர்தான். நான் கழுவினா எண்ணெய் போகாதாம். வெறுங்கையோட, அரைப் போத்தல் சோப்பு ஊத்தி, ஒவ்வொண்டும் மூண்டு தரம். இப்ப பத்தியம் எண்டதும் தண்ணியில கை வைக்கிறேல்லை. எல்லாம் என்ரை தலையில."

எனக்கு அப்போதுதான் எல்லாம் வெளித்தது. அவர் கையைக் கெடுத்தது சோப்பு. ஆற்றியது, கோபத்தில் நான் எறிந்த பொய். திரும்பி வந்து பிரெண்டாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் வேர் ஒன்றும் செய்யவில்லையா?" என்று நானே கேட்டேன். அவர், "தெரியாது என்பதுதான் சரி" என்றார்.

கலியாணம் நல்லபடி நடந்தது. எனக்கும் அழைப்பு. மாஸ்டர் இரண்டு கையையும் வீடியோக்காரனுக்கு முன்னால் ஏதோ தங்கக் காப்பு போட்டவர் மாதிரி நீட்டிக்கொண்டே நின்றார். சம்பந்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோது நான் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. கத்தரிக்காய்க் கறி மட்டும் மணவீட்டார் இலையில் இருக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று கிழமை கழித்துப் பரமேஸ் அக்கா கடைக்கு வந்து இரண்டு கையையும் கல்லா மேசையில் வைத்தார். சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"அக்கா, உங்களுக்கு வேரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்றேன். பிரெண்டா பக்கத்தில்தான் நின்றார். "கையுறை போட்டுக் கழுவுங்கோ. இல்லாட்டி மாஸ்டரையே கையுறை போட்டுக் கழுவச் சொல்லுங்கோ. இப்ப அவருக்கு ஒண்டுமில்லையே."

"சொல்லிப் பாத்திட்டன். பத்தியத்தை முறிச்சா வருத்தம் திரும்பி வருமாம். இருபத்தொரு நாளை நாப்பத்தெட்டாக்கிப்போட்டு இருக்கிறார். நான் சொன்னாக் கேப்பாரே? டொக்டர் சொன்னாலும் கேளார். நீ சொன்னாத்தான் கேப்பார்." அக்கா குனிந்து குரலைத் தணித்தார். "எனக்கு ஒரு பத்தியம் எழுதித் தா பிள்ளை. பெண்சாதி சமையல் பாத்திரம் தொடக் கூடாது, புருசன்தான் கையுறை போட்டுக் கழுவ வேணும் எண்டு. கடைத் தாளில எழுது."

"என்ன சொல்கிறார்?" என்று பிரெண்டா கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆள். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். பிரெண்டா அக்காவின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்குகளைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து கடையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கேட்டதில் மருத்துவப்படி பிழை ஒன்றும் இல்லை. தமிழில் எழுது. கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். "எத்தனை நாள் என்று கேள்."

"எத்தினை நாளெண்டு போட அக்கா?"

பரமேஸ் அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நாள் போடாதை பிள்ளை. அவர் இருக்குமட்டும் எண்டு போடு."